ஆம்ப்ளிஃபயருக்குத் தனிக்குடித்தனம்

பிரிவினையால் மனித குலத்துக்கு நன்மை விளைந்தது இதுவரை மூன்றே தடவைதான். முதல் தடவை, நெல்லிலிருந்து பதர் பிரிந்தபோது. இரண்டாம் தடவை, ஆந்திரத்திலிருந்து திருத்தணி பிரிந்தபோது. மூன்றாம் தடவை, அதே திருத்தணியின் மலையடிவாரத்தில், ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் திரு. மணவாளன் அவர்களின் இல்லத்தில், ப்ரீ ஆம்ப்ளிஃபயரிடமிருந்து பவர் ஆம்ப்ளிஃபயர் பிரிந்தபோது. முதல் இரண்டையும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொள்வார்கள். மூன்றாவதை எழுதிவைக்க நம்மை விட்டால் ஆள் இல்லை.

மணவாளன் சாதாரண மனிதரல்ல. சங்கீதம் கேட்கிறவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள். மணவாளன் சங்கீதம் கேட்பதில்லை, ‘ஒலி’ கேட்பார். பாட்டு என்பது ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்க ஆண்டவன் செய்துகொடுத்த ஒரு வசதி என்பது அவர் கொள்கை. பாட்டு முடிந்ததும் பாடியது யார் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். இரண்டாவது சரணத்தில் மிருதங்கத்துக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினாரே, அவரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியோடு மலையேறும்போது, இவர் ஜன்னலையெல்லாம் சாத்திக் காதில் பஞ்சடைத்துக்கொண்டு, முருகனுக்கு எல்லாம் நன்றாக அமைந்தும் ஒலி அமைப்பு மட்டும் சரியில்லை என்று வருத்தப்படுவார்.

இந்த அருங்கலையின் பொருட்டு வீட்டில் ‘கேட்கும் நேரம்’ ஒன்றை அமல்படுத்தியிருந்தார். காலை ஆறிலிருந்து எட்டு வரை மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, குக்கர் விசில், செல்போன், தும்மல் ஆகிய அனைத்தும் நிர்வாக நலன் கருதி நிறுத்திவைக்கப்படும். தம்ளர் கீழே விழுந்தால் உரியவரிடம் விளக்கம் கோரப்படும். மகன் பிரேம்குமார் அந்த நேரத்தில்தான் கிளம்பிப் போய்ச் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும். கல்யாணமான இரண்டு வருஷமாக இட்லிக்கு மிளகாய்ப்பொடியைத் தொட்டுத் தின்றுவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். சட்னி வேண்டுமென்றால் மிக்ஸி ஓட வேண்டும். மிக்ஸி ஓடினால் வயலின் கெட்டுவிடும். ஒரு குடும்பத்தில் யாராவது தியாகம் செய்துதானே ஆக வேண்டும்.

அவன் மனைவி துர்கா நகரிப் பெண். பஸ்ஸில் உட்கார்ந்து கண்டக்டரிடம் மீதிச் சில்லறை வாங்குவதற்குள் வந்துவிடுகிற ஊர்தான். ஆனால் ஆந்திரம், வேறு மாநிலம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன பிறகு ஓர் அறையும் சின்னச் சமையலறையும் சும்மா கிடந்தன. அங்கே ஓர் அடுப்பு வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

“வீட்ட வுட்டு எங்கயும் போவல மாமா. படியேறினா மாடி, அவ்ளோதான். காலைல அவருக்கு ரெண்டு கரண்டி சட்னி அரைச்சு குடுத்துடுவேன். உங்களுக்கும் எடஞ்சல் இருக்காது.”

மணவாளன் கண்களை மூடிக்கொண்டார். முக்கியமான முடிவுகளையும் மட்டமான ஒலிப்பதிவுகளையும் அவர் கண்ணை மூடித்தான் எதிர்கொள்வார்.

“அடுப்பு ரெண்டானா குடும்பம் ரெண்டாச்சும்மா. மேற்படி கோரிக்கை ஏற்பதற்கில்லை.”

எப்படி ஏற்பார்? தெரு நலச் சங்கம் அவருக்குக் ‘கூட்டுக் குடும்பக் காவலர்’ என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தியிருந்தது. அந்தப் பொன்னாடை இடது ஸ்பீக்கரின் மேல் தூசி படாமல் காத்துவந்தது.

இந்தச் சமயத்தில்தான் அரக்கோணத்திலிருந்து எலியாஸ் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் காலமெல்லாம் உட்கார்ந்து கெட்டுப்போன காதை விலை உயர்ந்த சாமான்களால் பழுதுபார்த்துக்கொண்டவர். ஒலி விஷயத்தில் மணவாளனுக்கு அவர் சொன்னதுதான் சட்டம். எலியாஸ் வந்ததும் வராததுமாக மணவாளனின் ஆம்ப்ளிஃபயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பத்து வருஷமாக ஒரு ரிப்பேரும் வைக்காமல் உழைத்துக்கொண்டிருந்த பெட்டி. அதனால்தான் அதன் மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது.

“இது இன்டகிரேட்டட் சார்,” என்றார், பெரிய வியாதியின் பெயரைச் சொல்லும் டாக்டரின் குரலில்.

“தப்புங்களா?”

“ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு பேர் குடியிருக்காங்க சார். ஒருத்தர் ப்ரீ. ரொம்ப மென்மையானவரு. பாட்டுலேர்ந்து வர்ற சின்னச் சின்ன சிக்னல வாங்கி பக்குவம் பண்றவரு. இன்னொருத்தர் பவர். முரட்டு ஆளு. அத்த வாங்கி ஸ்பீக்கருக்கு தள்றவரு. ரெண்டு பேருக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே எர்த்து. முரட்டு ஆளு மூச்சு வுட்டாலே மென்மையானவரு நடுங்கிப்பூடுவாரு. அவரு இன்னா சொன்னாலும் இவரு இரைச்சல்ல அமுங்கிடும்.”

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

“அப்ப இன்னாதான் பண்றது எலியாஸ்?”

“பிரிச்சுடணும். தனித்தனி பெட்டி, தனித்தனி கரண்டு. அப்பதான் ரெண்டு பேருக்கும் மரியாத.”

துர்கா ஈரக் கையோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். “அங்கிள், அத்த இன்னொரு தபா சொல்லுங்க.”

மருமகளுக்கு ஒலியில் நாட்டம் பிறந்ததைக் கண்டு மணவாளன் பூரித்துப்போனார். எலியாஸ் இன்னொரு தபா சொன்னார்.

“பிரிச்சு வச்சா ரெண்டுக்கும் ஒறவு விட்டுப்போவாதா அங்கிள்?”

“நடுவுல நல்ல கேபிள் போட்டா போதும்மா. தனியா இருந்தாலும் ஒண்ணாத்தான் இருப்பாங்க. சொல்லப்போனா முன்னவிட ஒத்துமையா இருப்பாங்க.”

“கேட்டீங்களா மாமா?”

“கேட்டேன்மா. எவ்ளோ பெரிய தத்துவம்,” என்றார் மணவாளன் மனம் நெகிழ்ந்து. ஆம்ப்ளிஃபயரைத் தவிர வேறு எதுவும் அவர் நினைவுக்கு வரவில்லை. கேட்கும் கலையில் தேர்ந்தவர்கள் தேவையற்றதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூட்டம் கூடியது. மணவாளன் தலைமை வகித்தார். மணவாளன் முன்மொழிந்தார். மணவாளனே வழிமொழிந்தார். பழைய பெட்டியை எலியாஸ் ‘மிகுந்த சங்கடத்தோடு’ அரக்கோணத்துக்கு எடுத்துச் செல்வது என்றும், அதற்குப் பதிலாகப் பிரிவினைப் பெட்டிகள் இரண்டை வரவழைப்பது என்றும், அவற்றின் பயன்பாட்டுக்கென மாடியை ஒதுக்கீடு செய்வது என்றும் தீர்மானம் நிறைவேறியது.

“மாடியா?” என்றாள் துர்கா.

“கீழ ஃப்ரிட்ஜ் இருக்குது, மோட்டார் இருக்குது, மிக்ஸி இருக்குது. எல்லாம் ஒரே லைன். அதுங்க நடுவுல வச்சா மூச்சு முட்டிப்பூடும்மா. பாவம் இல்லியா?”

“நைனா, துர்காவும் அத்தத்தான்...” என்று ஆரம்பித்த பிரேம்குமார், அப்பா கண்ணை மூடுவதைப் பார்த்ததும் வாக்கியத்தை அந்தரத்தில் விட்டான். ஆபீசில் ஐம்பது பேரை மேய்க்கிறவன்தான். வீட்டில் அவனுக்கு வைத்திருந்த வால்யூம் அவ்வளவுதான்.

மணவாளனின் மனைவி பத்மா ஒரு மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். “மருமவ ஏறினா ஒடையற குடும்பம், பொட்டி ஏறினா ஒடையாதாங்க?”

“பெட்டி அடுப்பு வச்சு சமைக்காது பத்மா,” என்றார் மணவாளன்.

அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார் என்பது மின்வாரிய அலுவலகத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

மாடிக்குத் தனி மீட்டர் வாங்கியே தீர வேண்டும் என்று எலியாஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தனி மீட்டர் என்றால் தனி லைன். தனி லைன் என்றால் சுத்தமான கரண்டு. ஃப்ரிட்ஜ் தொட்ட கரண்டைத் தொடுகிற பவர் ஆம்ப் உருப்படாது. அலுவலகத்தில் இருந்தவர் தங்கமான மனிதர். முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

“ஒரே கட்டடத்துல ரெண்டாவது மீட்டர்னா மேல தனிக் குடும்பம் இருக்கணும் சார். தனி வழி, தனி சமையல். நாங்க நேர்ல வந்து அடுப்ப பாப்போம்.”

“ஆம்ப்ளிஃபயர் இருக்குதுங்க.”

“அது சோறாக்குங்களா?”

மணவாளன் ஆயுளெல்லாம் அரசு அலுவலகத்தில் கழித்தவர். விதி ஒன்று குறுக்கே நின்றால் அதை மீறுவது அநாகரிகம், அதற்கு உடன்பட்டதுபோல் காட்டிக்கொள்வதே பண்பாடு என்று கற்றுத் தேர்ந்தவர். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினார். திறந்தபோது திட்டம் தயாராக இருந்தது.

“துர்கா, நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு நீ ஒரே ஒரு நாள் மாடில தனிக்குடித்தனம் பண்ற.”

“ஒரே நாளா மாமா?”

“ஈபிக்காரர் வந்து பாத்துட்டு போற வரைக்கும். ஒரு அடுப்பு, நாலு பாத்திரம், ஒரு சாமி படம். அவரு அந்தாண்ட போனதும் நீங்க கீழ எறங்கறீங்க. பவர் ஆம்ப் மேல ஏறுது.”

துர்கா மாமியாரைப் பார்த்தாள். பத்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“புது எடத்துல அடுப்ப சும்மா பத்த வைக்கக் கூடாதுங்க,” என்றாள் பத்மா. “மொதல்ல பால் காச்சணும். நல்ல நாள் பாக்கணும். இல்லன்னா வீட்டுக்கு ஆவாது.”

“நாள் பாரு, பால் காச்சு, இன்னா வேணா காச்சு. எனக்கு மீட்டர் வந்தா போதும்.”

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரமாக அமைந்தது. ஈபிக்காரரும் அன்றைக்கே வருவதாகச் சொல்லியிருந்தார். பத்மா விடியலிலேயே மாடி வாசலில் பெரிய கோலம் போட்டு மாவிலை கட்டினாள்.

“எதுக்கு இதெல்லாம்?” என்றார் மணவாளன்.

“ஈபிக்காரர் நம்ப வேணாமா?”

கொஞ்ச நேரத்தில் நகரியிலிருந்து துர்காவின் அப்பா அம்மா ஆட்டோ நிறையப் பித்தளைக் குடம், குத்துவிளக்கு, அரிசி, பருப்பு, உப்பு, இரண்டு தலையணை எல்லாவற்றோடும் வந்து இறங்கினார்கள்.

“இவங்க எதுக்கு?”

“பொண்ணு வூட்டு சீர் இல்லாம தனிக்குடித்தனம்னா எந்த ஈபிக்காரர் நம்புவாரு?”

மனைவிக்குள் இப்படி ஒரு நாடகக் கலைஞர் ஒளிந்திருந்தது மணவாளனுக்கு இத்தனை வருஷம் தெரியாது. மனதாரப் பாராட்டினார்.

துர்கா அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. ஈபிக்காரர் வந்தார், அடுப்பைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். ஒரு தம்ளர் பாயசம் குடித்துவிட்டு, தம்பதிகள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டுப் படியிறங்கினார். அவர் இறங்க, எதிர் வீட்டுப் பூவம்மாள் ஏறினாள். தெரு நலச் சங்கத்தின் மகளிர் அணி அவள்தான். மொத்த அணியும் அவள்தான். கையில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமத்தோடு ஒரு தட்டு.

“மணவாளண்ணா, எனக்கு கண்ணே கலங்கிடுச்சு. மருமவ மனசறிஞ்சு தனி அடுப்பு வச்சு குடுத்த மாமனார் இந்த ஊர்ல யாரு இருக்காங்க சொல்லுங்க. சங்கத்துக்கு சொல்லி அனுப்பிட்டேன்.”

“இல்ல பூவம்மா, இது வந்து...”

இது வந்து என்ன? மீட்டருக்காகப் போட்ட வேஷம் என்று சொல்லலாம். ஆனால் ஈபிக்காரர் இன்னும் வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். வேஷம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் மாடி கைவிட்டுப் போய்விடும். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. மணவாளன் கண்ணை மூடினார்.

“...ரொம்ப நாளா யோசிச்சு எடுத்த முடிவு,” என்று முடித்தார்.

அன்று மாலையே சங்கம் வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, ‘தனிக்குடித்தனம் தந்த தந்தை’ என்று பட்டம் சூட்டியது. முந்தைய பட்டத்தை வழங்கிய அதே தலைவர்தான், அதே பொருத்தமான சொற்களால் பாராட்டினார். ஏற்புரை ஆற்ற எழுந்த மணவாளனுக்கு இந்தப் பொருளில் கைவசம் ஒன்றும் இல்லை. எனவே எலியாஸ் சொன்னதை அப்படியே எடுத்துவிட்டார்.

“ஒரே பெட்டியில் இருவரை அடைத்தால், முரடர் மூச்சு விட்டாலே மென்மையானவர் நடுங்கிப்போவார். அவர் என்ன சொன்னாலும் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். பிரித்து வைத்தால்தான் இருவருக்கும் மரியாதை. நடுவில் நல்ல கேபிள் மட்டும் இருந்தால் போதும்.”

கேபிள் யாருக்கும் புரியவில்லை. மற்றது எல்லோருக்கும் புரிந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகும் துர்கா ஒருத்தி மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பொன்னாடை வலது ஸ்பீக்கருக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது.

மறுநாள் பெட்டிகள் இரண்டும் வந்து இறங்கின. பவர் மட்டும் ஒரு மூட்டை சிமெண்டு கனம். தூக்குவதற்கு இரண்டு ஆட்களைக் கூட்டிவந்தார் மணவாளன். பத்மா மாடிப்படியின் நடுவே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“கொஞ்சம் நவுரு பத்மா. பெட்டி மேல போவணும்.”

“பால் பொங்கின அடுப்ப கீழ எறக்கினா வீடு வெளங்குமாங்க?”

“அது நாடகம்தானே?”

“ஆங், நாடகம்தான். பூவம்மா வந்து கேட்டா நீங்களே சொல்லிடுங்க. ஈபிக்காரர் மீட்டர் மாட்ட வரும்போது அவருக்கும் நீங்களே சொல்லிடுங்க.” கீரையிலிருந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள். இம்மி நகரவில்லை.

ஆட்கள் பெட்டியை ஹாலிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் மீட்டர் வந்தது. சுத்தமான கரண்டும் வந்தது. அதில் மிக்ஸி ஓடியது. காலையில் பிரேம்குமார் ஒரு கிண்ணத்தோடு கீழே இறங்கி வந்து அப்பா முன்னால் வைத்தான்.

“தனி லைன்ல அரைச்சதுங்க நைனா. இரைச்சலே இல்ல, தின்னு பாருங்க.”

பையனுக்கு இவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது என்று மணவாளனுக்கு விளங்கவில்லை. சட்னி நன்றாகத்தான் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

புதிய பெட்டிகளை இயக்கிவைக்க எலியாஸ் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்தார். மாடி பறிபோனதைக் கேட்டுத் துக்கம் விசாரிப்பதுபோல் மணவாளனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தேறி, வேலையில் இறங்கினார். ப்ரீயை ஒரு ஸ்டூலிலும் பவரை வேறொரு ஸ்டூலிலும் வைத்தார். ஒரே அறையானாலும் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காதபடி திருப்பிவைத்தார். பொன்னாடைகளை நீக்கினார்.

“மொதல்ல இரைச்சல் எங்கெங்க இருக்குதுன்னு பாத்து நிறுத்தணும் சார்.”

ஃப்ரிட்ஜை நிறுத்தினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றினார்கள். செல்போன்களைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தார்கள். எலியாஸ் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார்.

“சோதனைக்குன்னே போட்டது சார். மொத பாட்டு ஒரு பொண்ணு, தெலுங்கு. பக்கவாத்தியம் கெடையாது, தனியா பாடும். இத்த கேட்டா பெட்டியோட யோக்கியத தெரிஞ்சுடும். கண்ண மூடிக்குங்க. வெளிச்சம் காத கெடுக்கும்.”

பட்டனை அமுக்கினார். இருவரும் கண்ணை மூடினார்கள். சற்று நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

“கவனிச்சீங்களா சார்? எவ்ளோ சுத்தமான நிசப்தம். இதுக்கே குடுத்த காசு தகும்.”

பிறகு ஒரு பெண் குரல் வந்தது, தெலுங்கில். அவசரமில்லாத குரல். யாருக்கும் பயப்படாமல், யாரும் கேட்கிறார்களா என்ற கவலையில்லாமல், வேலையோடு வேலையாகப் பாடுகிற குரல். மணவாளனின் கைகளில் மயிர் சிலிர்த்தது. தொண்டையைச் செருமுகிறவரைத் தேட மறந்துபோனார். ஸ்பீக்கரை மறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு பாட்டைக் கேட்டார். மூடிய கண்ணில் நீர் கட்டியது.

“மேலேர்ந்து வருது எலியாஸ்,” என்றார்.

“வரும் சார். நல்ல பவர் ஆம்பு பாடறவங்கள அப்டியே மேடையில தூக்கி நிறுத்தும்.”

“பின்னால ஏதோ பொரியறாப்ல கேக்குது.”

“கடுகு பொரியறதுகூட கேக்குதுன்னா பாத்துக்குங்களேன். பழைய பெட்டில கேட்டிருப்பீங்களா?”

“கருவேப்பில வாசன வருதே.”

எலியாஸ் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். சற்றுத் தயங்கினார். “பிரிச்சு வச்சா அவ்ளோ வித்தியாசம் சார்,” என்றார்.

“இப்டியொரு குரல இத்தன நாளா எது எலியாஸ் மறைச்சுகினு இருந்துது?”

“இரைச்சல் சார். எதுலேர்ந்தோ வந்துகினு இருந்திருக்குது. இப்ப நின்னுப்போச்சு.”

“கண்ண தொறங்க ரெண்டு பேரும்,” என்றது பத்மாவின் குரல்.

திறந்தார்கள். ப்ரீயில் விளக்கு இல்லை. பவரில் விளக்கு இல்லை. சிடி சுற்றவே இல்லை.

“நீங்க பட்டன அமுக்கினதும் கரண்டு போச்சு. மேல துர்கா தாளிச்சுகினே பாடிகினு இருக்கா.”

எலியாஸ் தன் செல்போன் எந்த டின்னில் இருக்கிறது என்று ஞாபகப்படுத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் நழுவினார். மணவாளன் எழுந்து போய் மாடிப்படிக்குக் கீழே நின்று மேலே பார்த்தார். பாட்டு இன்னும் வந்துகொண்டிருந்தது.

“துர்கா பாடுவாளா?”

“ரெண்டு வருஷமா இந்த வீட்லதான் இருந்தா. வாயத் தொறந்தா ‘உஷ்’னு சொன்னது யாரு?” பத்மா பொன்னாடைகள் இரண்டையும் எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள். “இரைச்சல் எங்கேர்ந்து வருதுன்னு தேடித் தேடி ஃப்ரிட்ஜ நிறுத்தினீங்க, ஃபேன நிறுத்தினீங்க, மிக்ஸிய நிறுத்தினீங்க, கடியாரத்தகூட வுடல. உங்கள நிறுத்திப் பாக்கணும்னு ஒரு நாளாவது தோணிச்சாங்க?”

எனவே, இந்த வரலாற்றின் முதல் பத்தியில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. மூன்றாவது பிரிவினை என்று தனியாக ஒன்று நடக்கவில்லை. முதல் தடவை பிரிந்த அதே பதர்தான் திருத்தணியில் இன்னொரு தடவை பிரிந்து, மாடிப்படிக்குக் கீழே நின்று பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.